பேரீச்சம்பழப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

(ஷஅபான் மாதம் வண்டியூரில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)





ரமலான் நெருங்கிவிட்டது. இன்னும் சில வாரங்களில் மஃரிப் பாங்கு சொன்னதும் நம் எல்லோருடைய கையும் முதலில் போகும் இடம் பேரீச்சம்பழத் தட்டு. அந்தப் பழத்தின் சிறப்பை ஆலிம்கள் உங்களுக்குச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பழம் எங்கிருந்து, எந்த வழியாக, என்னென்ன சோதனைகளைத் தாண்டி நம் தட்டுக்கு வருகிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இந்தக் கூட்டத்தில் மூன்று வகையினர் இருக்கிறீர்கள். வீட்டுக்குப் பழம் வாங்குபவர்கள் ஒரு வகை. ஏழைக் குடும்பங்களுக்கு நோன்புப் பொருள் பை கொடுப்பதற்காக மொத்தமாக வாங்குபவர்கள் இன்னொரு வகை. சவூதியிலோ துபாயிலோ பல வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பி, "பேரீச்சம்பழம் இறக்குமதி செய்து விற்கலாமா?" என்று யோசிக்கும் தம்பிகள் மூன்றாவது வகை. மூன்று பேருக்கும் நான் சொல்லப் போவது ஒன்றுதான். பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எழுதியிருக்க வேண்டியது இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

ஏன் கடல் கடந்து வருகிறது?

நம் நாட்டில் பேரீச்சை விளையாமல் இல்லை. குஜராத்தின் கட்ச் பகுதியில் பெரிய அளவில் விளைகிறது. நம் தர்மபுரிப் பக்கமும் சில விவசாயிகள் பயிரிடுகிறார்கள். ஆனால் பேரீச்சைக்கு வேர் தண்ணீரிலும் தலை வெயிலிலும் இருக்க வேண்டும் என்பார்கள். பழம் முழுசாகப் பழுத்து, மரத்திலேயே வற்றும் காலத்தில் மழை பெய்யக் கூடாது. கட்ச்சில் பழம் பழுக்கும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் பருவமழை வருகிறது. அதனால் மஞ்சளாக, சிவப்பாக இருக்கும் செங்காய்ப் பருவத்திலேயே பறித்துவிடுகிறார்கள். வருடம் முழுக்க வைத்துச் சாப்பிடும் உலர்ந்த பழத்துக்கு நாம் வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். உலகத்தில் அதிகமாகப் பேரீச்சை இறக்குமதி செய்யும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

மலிவாகக் கிடைக்கும் ஜாஹிதி பெரும்பாலும் ஈராக்கிலிருந்து வருகிறது. கருப்பாக, மெத்தென்று, சின்னப் பெட்டியில் வரும் மஜாஃபதி ஈரானின் பழம். அஜ்வா மதீனாவின் பழம். சுக்கரி சவூதியின் கஸீம் பகுதியில் விளைவது. இவற்றில் ஜாஹிதி காய்ந்த வகை, சாதாரண வெப்பத்திலும் தாங்கும். மஜாஃபதியில் ஈரம் அதிகம், குளிரில் வைக்காவிட்டால் புளித்துப் போகும். கடையில் வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்திருக்கும் மஜாஃபதியை, விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.

துறைமுகத்தில் என்ன நடக்கிறது?

நமக்குப் பக்கத்துத் துறைமுகம் தூத்துக்குடி. அங்கே ஒரு பெட்டகம் பேரீச்சை வந்து இறங்கினால் மூன்று துறைகளின் வாசலைத் தாண்ட வேண்டும்.

முதலாவது சுங்கத்துறை. சரக்கு என்ன, எந்த நாட்டில் விளைந்தது, மதிப்பு என்ன என்று பார்த்து வரி போடுவார்கள். இரண்டாவது தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம். ஏற்றுமதி செய்த நாட்டு அரசு கொடுத்த தாவர நலச் சான்றிதழ் இருக்கிறதா, பழத்தோடு பூச்சி ஏதும் வருகிறதா என்று பார்ப்பார்கள். பேரீச்சைக்குள் புகுந்து கொட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்துப்பூச்சிப் புழுக்கள் உண்டு. வெளியே பார்த்தால் பழம் பளபளவென்றுதான் இருக்கும். பூச்சி இருந்தால் புகையூட்டச் சொல்வார்கள். மூன்றாவது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று நாம் சொல்லும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், 2017-ஆம் ஆண்டின் இறக்குமதி விதிமுறைகளும் இவர்களுக்கு அதிகாரம் கொடுக்கின்றன. இவர்கள் ஆவணத்தைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சரக்கைப் பிரித்துப் பார்ப்பார்கள், மாதிரி எடுப்பார்கள். எடுத்த மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மாதிரி கிடைத்த 5 நாளுக்குள் ஆய்வகம் அறிக்கை தர வேண்டும். சரக்கு தேறவில்லை என்றால் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும்.

இதில் ஒரு விதியை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். துறைமுகத்துக்கு வரும்போது அந்தப் பழத்தின் மொத்த ஆயுளில் 60 சதவீதம் மீதி இருக்க வேண்டும், அல்லது காலாவதிக்கு 3 மாதம் மீதி இருக்க வேண்டும். இரண்டில் எது குறைவோ அது போதும். ஒரு கணக்கு சொல்கிறேன். 18 மாதம் ஆயுள் உள்ள பழம் 16 மாதம் கழித்து வந்து இறங்குகிறது. மீதி 2 மாதம்தான். இங்கே குறைந்த அளவு 3 மாதம். ஆகவே அனுமதி கிடையாது. பழம் நன்றாக இருக்கிறது, நேற்றுகூடத் தின்று பார்த்தோம் என்று சொல்லிப் பயனில்லை.

இன்னொரு விதியும் கவனிக்க வேண்டியது. லேபிளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், பச்சைப் புள்ளி இவை விடுபட்டிருந்தால், சுங்கக் கிடங்கில் வைத்தே ஸ்டிக்கர் ஒட்டிச் சரி செய்துகொள்ள அனுமதி உண்டு. ஆனால் தயாரித்த தேதி, காலாவதி தேதி, லாட் எண் இல்லையென்றால் ஸ்டிக்கர் ஒட்டிச் சரிக்கட்ட முடியாது. முகவரி என்பது இங்கே இருப்பவர் சொல்லக்கூடிய விஷயம். பழத்தின் வயதோ அதைப் பெட்டியில் அடைத்தவருக்குத்தான் தெரியும். அதை இங்கே உட்கார்ந்துகொண்டு நாம் எழுதினால் அது பொய்.

மேலே இருப்பதும் கீழே இருப்பதும்

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று வியாபாரிகள் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காலத்துச் சந்தையை நினைவுபடுத்த விரும்புகிறேன். ஒரு தானியக் குவியலுக்குள் பெருமானார் கையை விட்டார்கள். விரலில் ஈரம் பட்டது. என்ன இது என்று கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த ஹதீஸ்தான் இது, முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இதில் கவனியுங்கள், நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை. நனைந்ததை மறைக்காதே என்றுதான் சொல்லப்பட்டது. லேபிள் கேட்பதும் அதைத்தான். எந்த நாடு, எந்த மாதம் அடைத்தது, எதைத் தடவியிருக்கிறது, எதுவரை தாங்கும், தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்பதையெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே வை என்கிறது சட்டம்.

பழைய பேரீச்சம்பழம் கொண்டுவரப்பட்டபோது அதைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருந்த புழுவைப் பெருமானார் நீக்கியதாக அபூதாவூதில் வருகிறது. ஆகவே பழத்தைப் பிளந்து பார்த்துச் சாப்பிடுவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது தாய்மார்கள் கட்டாயம் பிளந்து, கொட்டையை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

பெட்டியையோ பாக்கெட்டையோ கையில் எடுத்ததும் ஐந்து விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, விளைந்த நாடு. இரண்டு, அடைத்த தேதியும் காலாவதி தேதியும். மூன்று, இறக்குமதியாளர் அல்லது பாக்கெட் போட்டவரின் முழு முகவரி. நான்கு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க எண்ணும். ஐந்து, உள்ளே சேர்த்திருக்கும் பொருட்கள்.

அந்த ஐந்தாவதைப் பலரும் பார்ப்பதில்லை. பழம் மினுமினுவென்று இருப்பதற்காகக் குளுக்கோஸ் சிரப்போ எண்ணெயோ தடவுவதுண்டு. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலை அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் தடவினால் லேபிளில் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் இல்லாத வீடு நம் தெருவில் எத்தனை இருக்கிறது? பழத்தில் இயற்கையாக இருக்கும் இனிப்பே அவர்களுக்கு அதிகம். மேலே தடவிய சிரப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். அஜ்வாவுக்கு விலை அதிகம். அதனால் கருப்பாக இருக்கும் வேறொரு பழத்தை அந்தப் பெயரில் தள்ளிவிடச் சிலருக்கு ஆசை வரத்தான் செய்யும். மதீனாப் பழம் என்று வாயால் சொன்னால் போதாது. பெட்டியில் என்ன நாடு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கீழமாசி வீதியிலும் மற்ற கடைகளிலும் தட்டில் குவித்து எடை போட்டு விற்பார்கள். அதில் லேபிள் இருக்காது. ஆனால் அந்தப் பழம் ஒரு பெட்டியிலிருந்துதான் வந்திருக்கும். "அந்தப் பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்க பாய்" என்று கேட்டால் நேர்மையான கடைக்காரர் காட்டிவிடுவார். காட்ட யோசித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பழத்தின் மேல் வெள்ளையாக இருந்தால் உடனே பூஞ்சை என்று தூக்கிப் போட வேண்டாம். நாள்பட்ட பழத்தில் சர்க்கரை வெளியே வந்து உப்புக் கல் மாதிரி படியும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் அது கரைந்துவிடும். கரையாமல் பஞ்சு போல ஒட்டியிருந்தால், புளித்த வாடை வந்தால், அந்தப் பழத்தை ஒதுக்கிவிடுங்கள்.

சந்தேகப்படும்படி பொருள் கிடைத்தால் பில்லோடு பாக்கெட்டைப் படம் எடுத்து, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். நுகர்வோர் குறைகளுக்கு 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. வாங்கும்போதே பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாத புகாருக்குப் பலம் இல்லை.

தானம் கொடுக்கும் பழம்

அடுத்து, மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக் கொடுக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. இலவசமாகத்தானே கொடுக்கிறோம், இதற்கெல்லாம் சட்டம் உண்டா என்று கேட்கிறீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாபத்துக்காக நடந்தாலும் லாபம் இல்லாமல் நடந்தாலும் உணவு சம்பந்தப்பட்ட பணியை ஒன்றாகத்தான் பார்க்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். காசு கொடுத்து வாங்குபவர் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார். நம் கையால் வாங்கும் விதவைத் தாய் திருப்பிக் கொடுக்க மாட்டார். என்ன கொடுத்தாலும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போவார். ஆகவே அவருக்காக நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். அது அமானிதம்.

ரமலான் நெருங்கும்போது, காலாவதி நெருங்கிய சரக்கைத் தானத்துக்கு என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுக்கச் சிலர் முன்வருவார்கள். வாங்குமுன் இரண்டு பெட்டியைப் பிரித்து, அடியில் இருக்கும் பழத்தை எடுத்துப் பிளந்து பாருங்கள். பங்கிட்டு முடிந்து, வீட்டில் வைத்துச் சாப்பிட்டு முடிக்கும் நாள் வரைக்கும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பெட்டியைப் பிரித்துச் சின்னப் பையில் போட்டுக் கொடுத்தால், காலாவதி தேதியையும் விளைந்த நாட்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போடுங்கள்.

வளைகுடாவிலிருந்து திரும்பும் தம்பிகளுக்கு

கடைசியாக, தொழில் தொடங்க நினைக்கும் தம்பிகளே, உங்களிடம்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

துபாயிலிருந்து மதுரை விமானத்தில் வரும்போது வீட்டுக்காக நாலு கிலோ பழம் கொண்டுவருகிறீர்கள், உறவுகளுக்குக் கொடுக்கிறீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஆள் ஆளுக்குப் பத்துக் கிலோ கொடுத்தனுப்பி, இங்கே வாட்ஸ்அப் குரூப்பில் விலை போட்டு விற்பது வேறு. பயணப் பெட்டியில் வந்தது சொந்த உபயோகத்துக்கான பொருள். நான் மேலே சொன்ன எந்தச் சோதனையும் அதற்கு நடக்கவில்லை. அதை விற்றால் சட்டத்தின் பார்வையில் அது உரிமம் இல்லாத வியாபாரம்.

முறையாக இறக்குமதி செய்ய என்ன வேண்டும்? வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் தரும் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் மத்திய உரிமம் வேண்டும். தொழில் சிறியது என்பதற்காக இறக்குமதியாளருக்கு இதில் சலுகை இல்லை. வரியிலும் கணக்கு இருக்கிறது. சரக்கின் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்த மதிப்பின் மேல் சுங்க வரி. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. இவ்வளவும் சேர்ந்த தொகையின் மேல் ஜி.எஸ்.டி. பேரீச்சைக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அது நல்ல செய்திதான். ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு இறங்கிவிடாதீர்கள்.

பணம் போகும் இடம் வரியில் மட்டும் இல்லை, காத்திருப்பிலும் இருக்கிறது. ஒரு சான்றிதழில் எடை ஒன்று, பட்டியலில் எடை வேறு என்று இருந்தால் போதும், சரக்கு நின்றுவிடும். பெட்டகத்துக்குச் சில நாட்கள்தான் இலவசம். அதற்குப் பிறகு கப்பல் கம்பெனிக்கு ஒரு வாடகை, சரக்குக் கிடங்குக்கு ஒரு வாடகை. குளிரூட்டிய பெட்டகம் என்றால் மின்சாரத்துக்கும் சேர்த்துத் தினமும் ஏறிக்கொண்டே போகும். இதற்கிடையில் நோன்பு பாதி முடிந்துவிட்டால், ஷவ்வாலில் அந்தப் பழத்தை யார் அந்த விலைக்கு வாங்குவார்? பதினைந்து வருடம் வெயிலில் நின்று சேர்த்தது, மனைவியின் நகையை அடகு வைத்தது, மச்சானிடம் கைமாற்றாக வாங்கியது எல்லாம் அந்த ஒரு பெட்டகத்துக்குள் இருக்கும். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

குறுக்கு வழி காட்டுபவர்களும் உண்டு. "நாட்டின் பெயரை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், எல்லோரும் செய்வதுதான்" என்பார்கள். என்ன நடந்தது என்று பாருங்கள். பாகிஸ்தானில் இருந்து நேரடியாகவோ வேறு நாடு வழியாகவோ எந்தச் சரக்கும் வரக் கூடாது என்று 2025 மே 2-ஆம் தேதி மத்திய அரசு தடை விதித்தது. அடுத்த மாதமே மும்பை அருகில் உள்ள நவசேவா துறைமுகத்தில் 39 பெட்டகங்களை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் பறிமுதல் செய்ததாக அறிவித்தது. 1,115 டன் சரக்கு, மதிப்பு சுமார் 9 கோடி ரூபாய். அதில் காய்ந்த பேரீச்சை இருந்தது. அமீரகத்துச் சரக்கு என்று காகிதத்தில் எழுதி, துபாய் வழியாகக் கொண்டுவந்திருந்தார்கள். இறக்குமதி நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் கைதானார். அந்த மாதிரிச் சரக்கில் தெரியாமல் பங்கு போட்டவர் நிலைமை என்ன? விளைந்த நாட்டைப் பொய்யாக எழுதுவது, நனைந்த தானியத்தைக் கீழே வைத்து மறைப்பதுதான். அன்று விரலில் பட்டது. இன்று கணினியில் படுகிறது.

சரி, அப்படியானால் இந்தத் தொழிலே வேண்டாமா? வேண்டும். நம்மில் பலருக்கு அந்த நாட்டு மொழி தெரியும், பழத்தின் ரகம் தெரியும். அது பெரிய முதலீடு. ஆனால் பெட்டகத்தில் ஆரம்பிக்காதீர்கள், பாக்கெட்டில் ஆரம்பியுங்கள். ஏற்கெனவே அனுமதி பெற்று இறங்கிய சரக்கை இறக்குமதியாளரிடம் பில்லோடு பத்துப் பெட்டி வாங்குங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுத்து, சுத்தமான அறையில் பிரித்து, புழு இருப்பதை ஒதுக்கி, சின்னப் பாக்கெட் போடுங்கள். உங்கள் பெயர், முகவரி, விளைந்த நாடு, நிகர எடை, அதிகபட்ச விலை, லாட் எண், தேதி எல்லாம் போடுங்கள். மூலப் பெட்டியில் இருக்கும் காலாவதியைத் தாண்டி ஒரு நாள்கூடக் கூட்டிப் போடாதீர்கள். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீட்டிலிருக்கும் பெண்களும் இந்த வேலையைச் செய்யலாம். இரண்டு ரமலான் இப்படி ஓடினால் எந்த ரகம் விற்கிறது, எது தங்குகிறது, யார் கடன் திருப்பித் தருகிறார் என்பதெல்லாம் புரிந்துவிடும். அதற்குப் பிறகு நாலு பேர் எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு, நல்ல சுங்க முகவரை வைத்துப் பெட்டகம் எடுக்கலாம்.

வெளிநாட்டு வியாபாரியிடம் முன்பணம் அனுப்புமுன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் லேபிள் படம், அடைத்த தேதியும் லாட் எண்ணும், தாவர நலச் சான்றிதழ் தருவேன் என்ற எழுத்து உறுதி. இந்த மூன்றைத் தர மறுப்பவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். போன வருடச் சரக்கைத் தள்ளிவிடத்தான் அந்த விலை.

அன்பானவர்களே, இந்த வருடம் கடைக்குப் போகும்போது கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள். எழுத்து பொடியாக இருக்கிறதென்றால் கூட வரும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். நம் தெருவில் ஐம்பது குடும்பம் பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்க ஆரம்பித்தால், கடைக்காரரும் அப்படிப்பட்ட சரக்கைத்தான் வைப்பார். அவருக்குச் சரக்குக் கொடுப்பவரும் மாறுவார்.

நம் நோன்பையும், நம் கையால் பிறர் திறக்கும் நோன்பையும், நம் பிள்ளைகளின் உழைப்பையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. நம் வியாபாரத்தில் உண்மையையும் அதில் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.